உளவும் தகவல் போரும்: நம்ம ஊர்ப் பசங்களுக்கு ஓர் அறிமுகம்

2023 மார்ச் முதல் வாரத்தில் திருப்பூரில் இருந்தவர்களுக்கு இது நன்றாகவே நினைவிருக்கும். பீகாரில் இருந்து வந்து வேலை பார்க்கிறவர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று சொல்லிச் சில வீடியோக்கள் வட மாநிலங்களில் பரவின. ஊரில் இருந்து வீட்டார் பதறிப்போய்க் கூப்பிட்டார்கள், பீகார் சட்டசபையில் கூச்சல் கிளம்பியது, அந்த மாநில அரசு ஒரு குழுவையே இங்கே அனுப்பி வைத்தது. அப்போதைய டிஜிபி சைலேந்திரபாபு விளக்கம் கொடுத்தார்: ஒரு வீடியோவில் இருப்பது திருப்பூரில் பீகார் தொழிலாளர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட பழைய சண்டை, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது, இரண்டுக்கும் பரவிய கதைக்கும் சம்பந்தமே இல்லை. ரயில்வே ஸ்டேஷனில் கூட்டம் இருந்தது உண்மைதான். ஆனால் அது ஹோலி நேரம், வருஷா வருஷம் ஊருக்குப் போகிறவர்கள் அதில் நிறையப் பேர். வீடியோவைப் பார்த்துவிட்டு அந்தக் கூட்டத்தைப் பார்த்தவனுக்கு மட்டும் அது தப்பி ஓடுகிற கூட்டமாகத் தெரிந்தது.

இதில் எந்த நாட்டு ராணுவமும் இல்லை. ஆனால் ராணுவங்கள் நூறு வருஷத்துக்கும் மேலாகச் செய்துவரும் வேலையின் உள்வேலைப்பாடு முழுக்க இதற்குள் இருக்கிறது. ஒரு பழைய படம், அதற்கு ஒரு புதிய கதை, ஏற்கெனவே பயத்தில் இருக்கிற ஆட்கள், முடிவெடுக்க நேரம் தராத ஓர் அவசரம். துப்பாக்கி இல்லாமலேயே ஆயிரக்கணக்கான பேரை "கிளம்பலாமா, இருக்கலாமா" என்று யோசிக்க வைத்துவிட்டது. சூலூர் பக்கம் தேஜஸ் பறப்பதைப் பார்த்துப் பார்த்து வளர்கிற நம் பசங்களுக்குப் போர் என்றால் விமானமும் ஏவுகணையும்தான். அவற்றை எங்கே அனுப்புவது என்று ஒருவர் முடிவெடுக்கிறாரே, அந்த முடிவைச் சுற்றி நடக்கிற போர்தான் இந்தக் கட்டுரை. அந்த முடிவைச் சரியாக எடுக்க உதவுவது உளவு. எதிராளியை அதே முடிவைத் தப்பாக எடுக்க வைப்பது தகவல் போர்.

உளவு என்பதை ஈரோடு மஞ்சள் மண்டியை வைத்துப் பார்த்தால் சீக்கிரம் பிடிபடும். நிஜாமாபாத்தில் மழை என்று ஒருவர் சொல்கிறார். அது வெறும் சேதி. எத்தனை நாள் மழை, அறுவடை முடிந்துவிட்டதா, விரலி நனைந்ததா, சாங்கிலியில் வரத்து எப்படி, இங்கே குடோனில் எத்தனை மூட்டை கிடக்கிறது, இவ்வளவையும் விசாரித்து ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்த்து, "இரண்டு வாரத்தில் விலை ஏறும், இப்போது விற்காதே" என்று ஒருவர் சொன்னால் அதுதான் உளவு அறிக்கை. சரக்கைக் குறைந்த விலைக்கு வாங்க நினைக்கிற ஒருவர் "அடுத்த வாரம் விலை படுத்துவிடும்" என்று டீக்கடையில் வேண்டுமென்றே பேசிவிட்டுப் போனால் அது தகவல் போர். பொய் சொன்னவருக்கு நீங்கள் நம்புவது முக்கியமில்லை, விற்பதுதான் முக்கியம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசி வரைக்கும் உதவும்.

சரி, ராணுவத்துக்குச் சேதி எங்கிருந்தெல்லாம் வருகிறது? ஆட்கள் வழியாக வருவது ஒன்று. எதிரியின் ரேடியோ, தொலைபேசி, கணினிப் போக்குவரத்தை ஒட்டுக்கேட்பது இன்னொன்று. செயற்கைக்கோள், ட்ரோன், விமானம் எடுக்கிற படங்கள் மூன்றாவது. நாலாவதுதான் இன்றைக்கு வேகமாக வளர்ந்திருக்கிறது: எல்லாருக்கும் திறந்து கிடக்கிற தகவல். 2022 பிப்ரவரி 24 விடியற்காலையில், ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைவதாக அறிவிப்பதற்கு முன்பே, கலிபோர்னியாவில் உட்கார்ந்திருந்த ஓர் ஆய்வாளர் குழு ரஷ்யாவின் பெல்கரோத் பக்கம் கூகுள் மேப்பில் டிராபிக் ஜாம் காட்டுவதைக் கவனித்தது. அந்த நேரத்தில் அந்த ரோட்டில் ஜாம் ஆக வேண்டிய காரணமே இல்லை. படை நகர்ந்ததால் வழிமறிக்கப்பட்ட சாதாரண வண்டிக்காரர்களின் போன்கள்தான் அந்தச் சிவப்புக் கோட்டைப் போட்டிருக்க வேண்டும். எந்த ஒற்றனும் தேவைப்படவில்லை.

ஒட்டுக்கேட்பதில் எனக்குப் பிடித்த கதை, இரண்டாம் உலகப் போரில் 1942இல் நடந்த மிட்வே சண்டை. அமெரிக்கக் கடற்படையின் சங்கேதம் உடைக்கும் குழு ஒன்று ஜோசப் ரோஷ்போர்ட் என்ற அதிகாரியின் கீழ் பெர்ல் ஹார்பரில் ஓர் அடித்தளத்தில் வேலை செய்துகொண்டிருந்தது. ஜப்பானியரின் செய்திகளை அவர்களால் அரைகுறையாகப் படிக்க முடிந்தது. பெரிய தாக்குதல் வரப்போகிறது, இலக்கின் குறியீடு "ஏஎஃப்", அவ்வளவு தெரியும். ஏஎஃப் என்பது எந்த இடம்? மிட்வே தீவு என்று ரோஷ்போர்ட் சொன்னார், வாஷிங்டனில் இருந்தவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அப்புறம் இவர்கள் ஒரு வேலை செய்தார்கள். கடலடிக் கேபிள் வழியாக, அதாவது ஜப்பானியர் கேட்க முடியாத வழியில், மிட்வேக்கு ஒரு தகவல் போனது: "உங்கள் குடிநீர் இயந்திரம் பழுதாகிவிட்டது என்று ரேடியோவில் சங்கேதம் இல்லாமல் சொல்லுங்கள்." அவர்களும் சொன்னார்கள். சீக்கிரத்திலேயே ஜப்பானியச் செய்தி ஒன்று சிக்கியது: ஏஎஃப்-இல் தண்ணீர்த் தட்டுப்பாடு. முடிந்தது விஷயம். ஜூன் 4 அன்று தொடங்கிய சண்டையில் ஜப்பான் நான்கு விமானம் தாங்கிக் கப்பல்களை இழந்தது.

இதில் சங்கேதம் உடைத்த மூளையைத்தான் எல்லாரும் பாராட்டுவார்கள். நான் பார்ப்பது வேறு. ரோஷ்போர்டுக்கு விடை தெரியும் என்று அவருக்கே நம்பிக்கை இருந்தது, இருந்தும் அதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். திருக்குறளில் ஒற்றாடல் அதிகாரம் இதைத்தான் சொல்கிறது. ஓர் ஒற்றன் கொண்டுவந்த சேதியை இன்னோர் ஒற்றனை வைத்துச் சரிபார், மூன்று பேர் சொல்வது ஒத்துப்போனால் நம்பு, ஆனால் அந்த ஒற்றர்கள் ஒருவரை ஒருவர் அறியாதபடி வைத்துக்கொள். இந்தக் கடைசி நிபந்தனையைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறோம். சொந்தக்காரர் குரூப்பில் ஒன்று, காலேஜ் குரூப்பில் ஒன்று, ஊர்க் குரூப்பில் ஒன்று என்று மூன்று இடத்தில் ஒரே வீடியோ வந்தால் அது மூன்று சாட்சி ஆகாது. ஒரே ஆள் சொன்னதை மூன்று பேர் திருப்பிச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். உளவுத்துறைகளே இந்தப் பள்ளத்தில் விழுந்திருக்கின்றன என்றால் நாம் விழுவதில் ஆச்சரியமில்லை.

உளவு தோற்பது பெரும்பாலும் சேதி கிடைக்காததால் மட்டும் இல்லை. 1973 அக்டோபர் 6 அன்று எகிப்தும் சிரியாவும் இஸ்ரேலைத் தாக்கியபோது, படைகள் எல்லையில் குவிவதை இஸ்ரேல் முன்கூட்டியே பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் நீண்ட தூரம் பறந்து குண்டு போடும் விமானங்கள் கையில் வராமல் எகிப்து போருக்கு வராது என்று அவர்களுடைய உளவுத் தலைமை ஏற்கெனவே முடிவு கட்டியிருந்தது. எகிப்தும் பயிற்சி, பயிற்சி என்று திரும்பத் திரும்பப் படையை நகர்த்திக் காட்டிப் பழக்கப்படுத்தியிருந்தது. கண் பார்த்ததை மனது ஏற்கவில்லை.

நம் நாட்டில் கார்கில். 1999 மே மாதத் தொடக்கத்தில் மலைமுகடுகளில் யாரோ புகுந்திருக்கிறார்கள் என்ற சேதியை நம் படைக்குக் கொண்டுவந்தது ஓர் உள்ளூர் மேய்ப்பர், காணாமல்போன தன் யாக் மாட்டைத் தேடிப் போனவர். செயற்கைக்கோள் இருந்தது, உளவு அமைப்புகள் பல இருந்தன, ஆனாலும் முதல் துப்பு அவர்தான். போர் முடிந்ததும் திருச்சிக்காரரான கே. சுப்ரமணியம் தலைமையில் அமைந்த மறுஆய்வுக் குழு, வெவ்வேறு அமைப்புகளிடம் துண்டு துண்டாகக் கிடந்த தகவல்கள் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கப்படவில்லை என்பதை விரிவாகவே எழுதியது. அந்த அறிக்கையைத் தொடர்ந்த சீர்திருத்தத்தில்தான் முப்படைகளுக்கும் பொதுவான பாதுகாப்பு உளவு முகமை 2002இல் வந்தது.

இனி ஏமாற்றும் கலை. 1914 செப்டம்பரில் சென்னையில் குண்டு போட்டுவிட்டுப் போன ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பலை நம் தாத்தா பாட்டிகள் வரைக்கும் தெரியும். அதே கப்பல் அடுத்த மாதம் பினாங்கு துறைமுகத்துக்குள் நுழைந்தபோது, மூன்று புகைபோக்கிதான் இருந்தும் நான்காவதாக ஒரு போலிப் புகைபோக்கியை நிறுத்தி வைத்துக்கொண்டு பிரிட்டிஷ் கப்பல் மாதிரி போனது. கொஞ்சம் தட்டும் துணியும் போதும், தூரத்தில் இருந்து பார்க்கிறவன் தான் எதிர்பார்ப்பதைத்தான் பார்ப்பான்.

இதன் உச்சம் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஹூவான் பூஹோல் என்ற ஸ்பெயின்காரர். ஜெர்மானியரிடம் போய் உங்களுக்காக இங்கிலாந்தில் ஒற்று வேலை செய்கிறேன் என்று சொல்லிவிட்டு, லிஸ்பனில் உட்கார்ந்துகொண்டு சுற்றுலா வழிகாட்டி நூல்களைப் பார்த்து இங்கிலாந்தைப் பற்றி அறிக்கை எழுதினார். கிளாஸ்கோவில் ஒரு லிட்டர் ஒயினுக்கு எதையும் செய்யும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று ஒருமுறை எழுதினார், பீர் குடிக்கிற ஊரைப் பற்றி. ஜெர்மானியர் கவனிக்கவில்லை. பிறகு பிரிட்டிஷ் உளவுத்துறை அவரைத் தங்கள் பக்கம் சேர்த்துக்கொண்டு கார்போ என்று பெயர் வைத்தது. இல்லாத 27 துணை ஒற்றர்களை உருவாக்கி, அவர்களுக்குச் சம்பளமும் ஜெர்மனியிடமே வாங்கினார்கள். 1944 ஜூனில் பிரான்சின் நார்மண்டிக் கரையில் நேச நாட்டுப் படை இறங்கிய பிறகும், "இது சும்மா திசைதிருப்பல், உண்மையான தாக்குதல் அதே பிரான்சின் கலே துறைமுகப் பக்கம் வரும்" என்று கார்போ அனுப்பிய செய்தியை ஜெர்மன் தலைமை நம்பி, அங்கே பெரும்படையை நிறுத்தியே வைத்திருந்தது. ஜெர்மனி அவருக்கு இரும்புச் சிலுவை கொடுத்தது, பிரிட்டன் எம்பிஇ விருது கொடுத்தது. இரண்டு பக்கமும் பதக்கம் வாங்கிய மனுஷன்.

கவனியுங்கள், கலே பக்கம்தான் தாக்குதல் வரும் என்று ஜெர்மானியர் முன்பே நினைத்துக்கொண்டிருந்தார்கள். கார்போ புதிதாக எதையும் நம்ப வைக்கவில்லை. நல்ல பொய்க்காரன், நமக்குள் ஏற்கெனவே இருக்கிற நினைப்புக்குத் தண்ணீர் ஊற்றுகிறவன்.

இதுவரை சொன்னதெல்லாம் தளபதியை ஏமாற்றும் கதைகள். சாதாரண மக்களையே இலக்காக வைப்பதுதான் இன்றைய தகவல் போரின் பெரும்பகுதி. அதுவும் புதிதில்லை, இதில் நம் நாடே ஒருமுறை கருவியாகியிருக்கிறது. 1983 ஜூலையில் டெல்லியில் வெளிவந்த பேட்ரியாட் என்ற நாளிதழில், எய்ட்ஸ் கிருமியை அமெரிக்க ராணுவ ஆய்வகத்தில் உருவாக்கினார்கள் என்று ஒரு பெயரில்லாக் கடிதம் அச்சானது. அதற்குப் பின்னால் இருந்தது சோவியத்தின் உளவுத்துறையான கேஜிபி. இரண்டு வருஷம் கழித்து ஒரு சோவியத் பத்திரிகை "இந்தியப் பத்திரிகை சொல்கிறது" என்று அதை எடுத்துப்போட்டது. அங்கிருந்து 80க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போனது. தானே எழுதி, தூரத்து ஊரில் அச்சாக வைத்து, பிறகு அந்த ஊரை மேற்கோள் காட்டுவது. 1992இல் ரஷ்ய வெளிநாட்டு உளவுத்துறைத் தலைவரே இதை ஒப்புக்கொண்டார். இன்றைக்கு அதே சுற்று நடக்க இரண்டு மணி நேரம் போதும், முகம் தெரியாத ஒரு கணக்கு, அதை எடுத்துப்போடும் ஒரு யூடியூபர், அவரை மேற்கோள் காட்டும் ஒரு டிவி.

ஆனால் தகவல் போர் என்றால் பொய் மட்டும்தான் என்று நினைத்துவிடக் கூடாது. கார்கிலில் இந்தியா அடித்த பெரிய அடிகளில் ஒன்று முழு உண்மை. மலை மேலே இருப்பது எங்கள் படையே இல்லை, போராளிகள் என்று பாகிஸ்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அப்போது பெய்ஜிங்கில் இருந்த பாகிஸ்தான் ராணுவத் தலைமைத் தளபதி முஷாரஃபும் ராவல்பிண்டியில் இருந்த இன்னொரு தளபதியும் தொலைபேசியில் பேசியதை நம் உளவுத்துறை பதிவு செய்திருந்தது, 1999 ஜூன் 11 அன்று அரசு அதை வெளியிட்டுவிட்டது. உலகத்தின் பார்வை மாறியது. அதற்கு ஒரு விலையும் உண்டு: எங்கள் லைனைக் கேட்கிறார்கள் என்று எதிராளிக்குத் தெரிந்துபோயிற்று. வெளியிட்டது சரியா தப்பா என்று உளவுத்துறை ஆட்களுக்குள் இன்றும் விவாதம் இருக்கிறது. எனக்கு, அந்த நேரத்தில் அது செய்ய வேண்டிய வேலை என்றுதான் படுகிறது.

2025 மே மாத இந்தியா-பாகிஸ்தான் மோதலில் வந்து குவிந்த பொய்ச் சரக்கை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆர்மா 3 என்ற வீடியோ கேம் காட்சி போர்க்களம் என்று ஓடியது. இரண்டு விமானங்களை இழந்துவிட்டோம் என்று பாகிஸ்தான் ராணுவச் செய்தித் தொடர்பாளரே சொல்வது போலச் செயற்கை நுண்ணறிவில் குரல் மாற்றிய வீடியோ வந்தது. ஏடிஎம் எல்லாம் மூடப்போகிறார்கள் என்ற வதந்தியை மத்திய அரசின் செய்திப் பிரிவான பிஐபி மறுக்க வேண்டியதாயிற்று. கராச்சி துறைமுகத்தை நம் கடற்படை அடித்துவிட்டது என்று நம் பெரிய டிவி சேனல்கள் சிலவே இரவெல்லாம் கத்தின, அப்படி எதுவும் நடக்கவில்லை. நம் பக்கத்துக்குச் சாதகமான பொய்தானே என்று அதைச் சிரித்துக் கடப்பவர்களை எனக்குப் புரியவே இல்லை. விடிந்ததும் பொய் என்று தெரிந்தால், அடுத்த நாள் உண்மையான வெற்றியைச் சொல்லும்போது யார் நம்புவார்கள்?

நம் வாசலிலேயே நடந்த ஒன்றும் உண்டு. 2021 டிசம்பர் 8 அன்று முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் சூலூரில் இருந்து வெலிங்டனுக்கு ஹெலிகாப்டரில் கிளம்பினார், குன்னூர் அருகே அது விழுந்தது. அதிகாரப்பூர்வமாக ஏதாவது சொல்லப்படுவதற்கு முந்தைய அந்தச் சில மணி நேரத்தில் சிரியாவில் 2020இல் எரிந்து விழுந்த ஹெலிகாப்டரின் வீடியோ நீலகிரி வீடியோவாகப் பரவியது. சதி, லேசர், அண்டை நாடு என்று கதைகள் கிளம்பின. தெரியாததை வைத்து ஊகிக்க வேண்டாம் என்று விமானப்படை வெளிப்படையாகக் கேட்டுக்கொள்ளும் அளவுக்குப் போனது. விசாரணைக் குழு பிறகு சொன்னது வேறு: திடீரென்று மாறிய வானிலையில் மேகத்துக்குள் புகுந்து விமானிக்குத் திசை தடுமாறியது, நாசவேலை இல்லை. பெரிய சம்பவத்துக்கும் முதல் நம்பகமான தகவலுக்கும் நடுவில் எப்போதும் ஓர் இடைவெளி இருக்கும். வதந்தி குடியேறுகிற இடம் அது. அந்த இடைவெளியில் நாம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, சும்மா இருப்பது.

இப்போது உங்கள் கையில் இருக்கிற போனுக்கு வருவோம், ஏனென்றால் அது சேதி வாங்குவது மட்டுமில்லை, கொடுக்கவும் செய்கிறது. ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சிச் செயலி, பயன்படுத்துகிறவர்கள் ஓடிய பாதைகளை எல்லாம் சேர்த்து ஓர் உலக வரைபடம் போட்டது. 2018 ஜனவரியில் ஓர் ஆஸ்திரேலிய மாணவர் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஆள் நடமாட்டமில்லாத பாலைவனத்தின் நடுவே பளிச்சென்று சில சதுரங்கள், முகாமைச் சுற்றி ராணுவ வீரர்கள் காலையில் ஓடிய தடங்கள். மும்பைத் தாக்குதலின்போது டிவிகளின் நேரலை, தாக்கியவர்களை வெளியில் இருந்து இயக்கியவர்களுக்கு உதவியதை 2012 தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே கண்டித்தது. 2023 புத்தாண்டு பிறந்த நேரத்தில், உக்ரைனில் ரஷ்யா பிடித்திருந்த மக்கீவ்கா நகரில் ரஷ்ய வீரர்கள் தங்கியிருந்த கட்டடம் தாக்கப்பட்டு 89 பேர் இறந்ததாக ரஷ்யா அறிவித்தது, தடையை மீறி வீரர்கள் போன் பேசியதே முக்கியக் காரணம் என்றும் சொன்னது. அத்தனை பேரை ஒரே கட்டடத்தில் தங்க வைத்த அதிகாரிகள் பழியை வீரர்கள் மேல் போடுகிறார்கள் என்று ரஷ்யாவிலேயே சிலர் எழுதினார்கள், அதுவும் நியாயமான கேள்விதான்.

ஆகவே, விமானதளச் சுவரோரம் நின்று ரீல்ஸ் எடுப்பதும், ராணுவத்தில் இருக்கிற அண்ணன் லீவு முடிந்து எந்த ரயிலில் எங்கே போகிறார் என்று ஸ்டேட்டஸ் போடுவதும் சின்ன விஷயம் போலத் தெரியும். தனியாகப் பார்த்தால் சின்ன விஷயம்தான். நூறு பேர் போட்டதை ஒருவர் சேர்த்துப் பார்க்கிறபோதுதான் அது வேறு ஒன்றாக ஆகிறது. 2020இல் ராணுவம் தன் ஆட்களை ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 செயலிகளை நீக்கச் சொன்னது இதனால்தான். தெரியாத பெண் அல்லது தெரியாத "கம்பெனி ஹெச்ஆர்" நட்பாகப் பேசி மெதுவாக வேலை பார்க்கும் இடத்தைப் பற்றிக் கேட்பதும் பழைய தூண்டில்தான். கோவையில் பாதுகாப்புத் துறைக்கு உதிரிபாகம் செய்கிற பட்டறைகள் இருக்கின்றன, பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் கோவையும் சேலமும் இருக்கின்றன, எனவே இந்தத் தூண்டில் ஜெய்சல்மேரில் மட்டும்தான் விழும் என்று நினைக்காதீர்கள்.

வீடியோ ஒன்று வந்து ரத்தம் கொதிக்கிறதா? அப்போது செய்ய வேண்டியது ரொம்ப எளிது. அதில் இருந்து ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போடுங்கள், பழைய படமாக இருந்தால் பாதிக்கு மேல் அங்கேயே மாட்டிவிடும். கடைப் பலகை என்ன மொழியில் இருக்கிறது, வண்டி நம்பர் எந்த மாநிலம், வெயிலா மழையா என்று பாருங்கள். முதலில் போட்டவர் யார் என்று தேடுங்கள். அப்புறம் மண்டிக் கேள்வி: இதை நம்பினால் நான் என்ன செய்வேன், அதை நான் செய்தால் லாபம் யாருக்கு? இதற்கெல்லாம் நேரமில்லை என்றால் ஃபார்வர்டு செய்யாமல் விட்டுவிடுங்கள், யாருக்கும் நஷ்டமில்லை.

இந்த வேலைக்கே போக முடியுமா என்று கேட்கிற தம்பி, தங்கச்சிகளுக்கு: ராணுவ உளவுப் பிரிவில் அதிகாரியாக வேண்டும் என்றால் முதலில் படை அதிகாரி ஆக வேண்டும், அதாவது என்டிஏ, சிடிஎஸ் போன்ற நுழைவுத் தேர்வுகள் வழி. உள்நாட்டு உளவுத்துறையான ஐபி-க்கு ஏசிஐஓ (உதவி மத்திய உளவு அதிகாரி) தேர்வை உள்துறை அமைச்சகம் வெளிப்படையாகவே அறிவிக்கிறது. கணினி, ரேடியோ பக்கம் ஆர்வம் இருந்தால் தொழில்நுட்ப உளவு அமைப்பான என்டிஆர்ஓ இருக்கிறது. சீனமோ பஷ்தோவோ பாரசீகமோ கற்றுக்கொண்டவருக்கு இந்தத் துறையில் எப்போதும் மதிப்பு உண்டு. இதற்கெல்லாம் விண்ணப்பம் அரசு இணையதளங்களில்தான் வரும். நம் வெளிநாட்டு உளவுத்துறையான ரா-வின் பெயரில், "ரா-வில் நேரடி வேலை, பதிவுக் கட்டணம் மட்டும்" என்று வாட்ஸ்அப்பில் வந்தால், கண்ணு, முதல் பாடம் அங்கேயே தொடங்கிவிட்டது.